அந்த இருபதாயிரத்தைக் கொடுக்காதீர்கள்

வாசகர் கேள்வி: அக்கா, எங்கள் ஊர் மண்டபம் ஒன்றியத்தில் தென்கடல் கரையில் இருக்கிறது. மகளிர் குழுவில் 14 பேர். பத்துப் பேர் கடற்பாசி எடுக்கப் போகிறோம், மற்றவர்கள் கருவாடு போடுகிறார்கள். நான் குழுவின் ஊக்குநர். கரைக்கு வந்தால் ஈரத்துணி மாற்ற மறைவு கிடையாது, கழிப்பறை கிடையாது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கரையில் எங்களுக்கென்று ஒரு கட்டடம், பாசி வளர்க்க மிதவைகள், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆண் பெண் சமம் என்று சொல்லித்தர வகுப்பு, இவ்வளவும் ஆசை. ராமநாதபுரத்திலிருந்து ஒருவர் வந்து, பாலின சமத்துவத்துக்கு மத்திய அரசு 25 லட்சம் தருகிறது, அறக்கட்டளை பதிந்து வாங்கித் தருகிறேன், செலவுக்கு 20,000 கொடுங்கள் என்கிறார். ஊர்க் கமிட்டியோ, பொம்பளைங்க பேரில் எதற்கு, ஊர் பேரில் வாங்குங்கள் என்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் அவசரமானது. அந்த 20,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஆதார் நகல், கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள், குழுவின் தீர்மானப் புத்தகம் எதையும் அவர் கையில் தராதீர்கள். ஏற்கெனவே நகல்கள் போயிருந்தால், எந்தப் பத்திரத்திலும் எங்கள் ஒப்புதல் இல்லாமல் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று குழுத் தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் நிர்வாக அறங்காவலர் என்று யார் பெயர் வரும் என்று கேட்டுப் பார்த்தீர்களா? இப்படி வருகிற பத்திரங்களைத் திட்ட அறிக்கை எழுதித் தரும் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்கள் உறுப்பினர்களாக இருப்பார்கள், காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை கொண்டுவந்த ஆளிடம் இருக்கும்.

அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் நம்பத் தோன்றுகிறது. 1953இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் தொடங்கிய மத்திய சமூக நல வாரியம் தன்னார்வ அமைப்புகளுக்கு நேராக மானியம் கொடுத்து வந்தது. 1986-87இல் வந்த 'ஸ்டெப்' என்ற பயிற்சித் திட்டமும் அப்படித்தான். அந்த வழி இப்போது இல்லை. மத்திய மகளிர் அமைச்சகத்தின் திட்டங்கள் 2022 முதல் 'மிஷன் சக்தி' என்ற ஒரே குடைக்குள் வந்து, பெரும்பாலும் மாநில அரசு, மாவட்ட நிர்வாகம் வழியாகவே நடக்கின்றன. கடற்கரையில் ஒரு குழு நேற்று அறக்கட்டளை பதிந்து இன்று 25 லட்சம் வாங்கும் கதவு எதுவும் அதில் இல்லை.

அவர் செய்தித்தாளைக் காட்டி, பெண்களுக்கு 4.49 லட்சம் கோடி என்று போட்டிருக்கிறதே என்று கேட்டிருக்கலாம். 2025-26 மத்திய பட்ஜெட்டின் பாலின அறிக்கையில் அந்தத் தொகை உண்மையாகவே இருக்கிறது, மொத்தச் செலவில் 8.86 சதவீதம். ஆனால் அது தனியாக எடுத்து வைத்த பணம் இல்லை. வீட்டு வசதி, ஊரக வேலை, சுகாதாரம், கல்வி என்று ஒவ்வொரு துறையின் செலவிலும் பெண்களுக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று 2005-06 முதல் கூட்டிக் காட்டுகிறார்கள். ஆகவே பணம் துறைகளுக்குள்தான் கிடக்கிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஆசையை நாலாகப் பிரித்து, எது எந்தத் துறையில் இருக்கிறதோ அங்கே கொண்டுபோக வேண்டும். அதற்கு அறக்கட்டளை வேண்டாம். உங்கள் குழுவும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் போதும்.

மிதவையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். மீன்வளத் துறை வழியாக வரும் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் வந்தது. அதில் பொதுப் பிரிவினருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதம் மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். பாசி வளர்ப்பு அதில் உண்டு. வலமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்களே, அதுவும் இந்தத் திட்டத்தில்தான்.

ஆனால் உங்கள் ஊர் தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடா. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி வெளியிலிருந்து வந்த இனம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. குருசடைத் தீவுப் பக்கம் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்தது பெரிய பிரச்சினையானது. 2005இலேயே தமிழக அரசு, இந்த வளர்ப்பைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் வைத்துக்கொள்ளும்படி ஆணை போட்டிருக்கிறது. எனவே உங்கள் கரைக்கு எதிரே மிதவை என்று விண்ணப்பம் எழுதினால் வேலைக்கு ஆகாது. வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம் எந்த இடத்தில் அனுமதிக்கிறார்கள், நீங்கள் தினமும் போய்வர முடியுமா, அல்லது உள்ளூர்ப் பாசி இனத்தை வளர்க்க வழி உண்டா என்று மண்டபத்தில் உள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. அவர்களுக்குப் பாசி எடுக்கும் பெண்களைத் தெரியும். கூச்சப்படாமல் போங்கள்.

இப்போது அந்த 60 சதவீதத்துக்கு வருகிறேன். பெண்களுக்குக் கூடுதல் மானியம் என்றதும் என்ன நடக்கிறது தெரியுமா? விண்ணப்பத்தில் மனைவி பெயர், போட்டோவில் மனைவி முகம். மிதவை, பாசி, பணம் எல்லாம் வேறொருவர் கையில். சில இடங்களில் அது கணவர்கூட இல்லை, பாசி வாங்கும் வியாபாரி. அரசுக் கணக்கில் அந்தப் பெண் ஒரு தொழில் முனைவோர். கரையில் அவள் தன் பெயரில் உள்ள மிதவைக்கே கூலிக்குப் பாசி கட்டுகிறாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பணம் வந்து சேர்ந்தும் சமத்துவம் வராமல் போவது இப்படித்தான்.

ஆகவே விண்ணப்பம் எழுதும் முன்பு குழுவில் உட்கார்ந்து இவற்றைத் தீர்மானமாக எழுதுங்கள்: மானியம் வரும் வங்கிக் கணக்கில் யாருடைய கைப்பேசி எண் இருக்கும், பாஸ்புக் யார் வீட்டில் இருக்கும், பாசி விற்ற ரசீது யார் பெயரில் வரும், எடை போடும்போது தராசுக்குப் பக்கத்தில் நம்மில் யார் நிற்பார்கள். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். உண்மையில் உங்கள் திட்டத்தின் பாலின சமத்துவம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. கைப்பேசி எண் மகனுடையதாக இருந்தால் குறுஞ்செய்தி அவனுக்குத்தான் போகும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

இன்னொன்று. இதுபோன்ற மானியம் பல நேரம் வேலை முடிந்து, அதிகாரி பார்த்துப் போன பிறகே கைக்கு வரும். முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் வியாபாரி முன்பணத்தோடு வந்து நிற்பார். முன்பணம் வாங்கினால் எடையும் விலையும் அவர் சொல்வதுதான். இதிலிருந்து தப்பிக்கத்தான் குழுக் கடன் இருக்கிறது. ஈட்டுறுதி கேட்காமல் குழுவுக்கு 20 லட்சம் வரை வங்கிகள் கொடுக்கலாம் என்று 2021இல் ரிசர்வ் வங்கி உச்சவரம்பை உயர்த்தியது. அவ்வளவு உங்களுக்குத் தேவையில்லை, கேட்கவும் வேண்டாம். மூன்று லட்சம் வரையிலான கடனுக்கு வட்டி 7 சதவீதம். ஏற்கெனவே யார் யார் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வைத்திருக்கிறீர்களோ, அதை அடைக்கவே முதல் கடனை எடுங்கள் என்பது என் யோசனை. மிதவை ஆறு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. கடன் தீர்ந்த பெண் விலை பேசுவாள்.

உங்கள் குழுவில் எத்தனை பேர் மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர்? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. பாசி எடுப்பவர்களை மீனவர் என்றே கணக்கில் சேர்க்காத பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. கடலுக்குப் போகிற ஆணுக்கு அடையாள அட்டை, அதே கடலில் விரலில் துணி சுற்றி முங்கிப் பாசி பறிக்கிற பெண்ணுக்கு ஒன்றுமில்லை. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்த பிறகுதான் இந்தப் பெண்கள் இருப்பதே வெளியே பலருக்குத் தெரிந்தது. சங்கத்தில் சேருங்கள், மீனவர் நல வாரியத்திலும் பதியுங்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் சேர்த்தால் அரசுகள் 3,000 போட்டுத் தருகின்றன. தொகையைவிட, உங்கள் பெயர் துறையின் பட்டியலில் ஏறுவது பெரிது. பட்டியலில் இல்லாதவரின் விண்ணப்பத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

சரி, கட்டடம். கட்டடம் என்று கேட்காதீர்கள். கழிப்பறை, துணி மாற்றும் அறை, உலர்களம் என்று பிரித்துக் கேளுங்கள். காரணம் இரண்டு. ஒன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள். அலை ஏறும் கோட்டுக்குப் பக்கத்தில் பொதுவாகக் கட்டடம் எழுப்ப முடியாது. ஆனால் மீனவர்களுக்கு வேண்டிய மீன் உலர்களம், ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், பொதுக் கழிப்பறை போன்றவற்றுக்கு அனுமதி வாங்கிக் கட்ட விதியிலேயே இடம் இருக்கிறது. சமுதாயக் கூடம் என்று எழுதினால் கோப்பு அங்கேயே நிற்கும். இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணம்.

பொதுக் கழிப்பறை வளாகத்துக்குத் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் 3 லட்சம் வரை வைத்தார்கள். அதில் 70 சதவீதம் இயக்கத்தின் பணம், 30 சதவீதம் ஊராட்சிக்கு வரும் நிதிக்குழு மானியத்திலிருந்து. உலர்களத்துக்கு மீன்வளத் துறையையும் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் கேட்கலாம். அந்த நிதி ஆண்டுக்கு 3 கோடி, தொகுதி முழுவதற்கும். 'நமக்கு நாமே' திட்டமும் உண்டு, ஆனால் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்காகக் கட்ட வேண்டும். உங்களால் அது முடியாது என்று நினைக்கிறேன். ஊரில் வெளிநாட்டில் இருப்பவர்கள் யாராவது முன்வந்தால் பார்க்கலாம்.

துணி மாற்றும் அறை என்று எந்தத் திட்டத்திலும் தனியாக ஒரு வரி இருக்காது. அதனால் கழிப்பறை வளாகத்தின் வரைபடத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றியப் பொறியாளர் கரைக்கு வந்து இடம் பார்க்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு வல்லம் கரை சேருகிறது, எத்தனை பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறீர்கள், நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும், மாதவிடாய்த் துணியை எங்கே போடுவது, கதவு கடலைப் பார்த்து இருக்கலாமா, விளக்கு எங்கே, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். வரைபடம் ராமநாதபுரத்தில் போட்டு வந்தால், பெண்கள் உள்ளே போவதை ஏலம் பார்க்கிற ஆண்கள் எல்லோரும் பார்க்கும்படி வாசல் வைத்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கழிப்பறை பூட்டிக் கிடக்கும், பெண்கள் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கையில் எழுதுவார்கள். காலையில் போய் மதியம் வரை சிறுநீரை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வதால் எத்தனை பேருக்கு நோய்த்தொற்று வந்திருக்கிறது என்று குழுவில் ஒருமுறை வெளிப்படையாகப் பேசுங்கள். பேசியதை மனுவில் எழுதுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

குழந்தைகள் காப்பகத்துக்கு 'பால்னா' என்ற திட்டம் மிஷன் சக்தியில் இருக்கிறது. அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம், மத்திய மாநில அரசுகள் 60:40 என்று செலவைப் பகிர்ந்துகொள்ளும். நீங்கள் நேராக வாங்க முடியாது. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனு கொடுத்து, அவர் வழியாகப் போக வேண்டும். மனுவில் பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, நீங்கள் கடலுக்குப் போகும் மணி மூன்றும் இருக்கட்டும். அங்கன்வாடி திறக்கும் முன்பே வல்லம் போய்விடும் என்பதை அவர் உங்கள் மூலம்தான் அறிவார்.

பிள்ளைகளுக்கான வகுப்புக்குப் பணம் தேட வேண்டியதே இல்லை. மகளிர் திட்டத்திலேயே பாலின சமத்துவத்துக்கான பயிற்சி இருக்கிறது, நவம்பர் 25 முதல் ஒரு மாதம் பாலின வன்முறைக்கு எதிரான இயக்கமும் ஆண்டுதோறும் நடத்துகிறார்கள். ஒன்றியத்தில் இருக்கும் மகளிர் திட்ட ஆட்களிடம் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று சொன்னால் வருவார்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: பெண் பிள்ளைகளை மட்டும் கூட்டாதீர்கள். பையன்களையும், முடிந்தால் அப்பாக்களையும் உட்கார வையுங்கள். மழைக்காலத்தில் படகு கரையில் நிற்கும் நாட்களைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களும் ஊரில்தான் இருப்பார்கள்.

இனி ஊர்க் கமிட்டி. அவர்களோடு சண்டைக்குப் போகாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டிய இடம் இது. கழிப்பறையும் உலர்களமும் யார் பெயரிலும் இருக்காது, ஊராட்சியின் சொத்தாகவோ துறையின் சொத்தாகவோதான் இருக்கும். எனவே ஊர் பேரா, பெண்கள் பேரா என்ற தகராறுக்கே இடமில்லை. இதைச் சொன்னாலே பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது பராமரிப்பு. சாவி யாரிடம், உலர்களத்தில் யாருக்கு எந்த இடம், கட்டணம் வைத்தால் யார் வசூலிப்பது. இதைக் கூட்டமைப்புக்குத் தரும்படி எழுத்தில் வாங்குங்கள். கமிட்டியில் பெண்கள் உட்கார இடம் கொடுக்காத ஊர் என்றால், கிராம சபையில் உங்களுக்கு இடம் உண்டு. அதைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ராமநாதபுரம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபோது, இனி யாரிடம் கேட்பது என்று பல குழுக்கள் சோர்ந்துவிட்டன. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீர்மானம் தீர்மானம்தான். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கூட்டத்தில் 14 பேரும் போங்கள், பக்கத்துத் தெருக் குழுக்களையும் கூப்பிடுங்கள். தீர்மானம் எழுதி முடிக்கும்வரை எழுந்து வராதீர்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தீர்மான நகல் தராமல் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்தத் தீர்மான நகல்தான் மற்ற எல்லாக் கதவுக்கும் சாவி. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்கும்போதும், மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்திலும், சட்டமன்ற உறுப்பினரிடமும் அதை இணைத்துக் கொடுங்கள். நம் மாவட்டம் 2018 முதல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. மாவட்ட நிர்வாகத்தின் மேல் தில்லியின் கண் இருக்கிறது. மனுவில் ஒரு வரி அதையும் எழுதலாம்.

மனுவோடு ஒரு பக்கம் உங்கள் ஒரு நாளை எழுதி வையுங்கள். வேறு யாரோ எழுதியது போல இருக்க வேண்டாம், நீங்கள் எனக்கு எழுதிய மாதிரியே இருக்கட்டும். எத்தனை மணிக்கு எழுந்தது, யார் சமைத்தது, கடலில் எவ்வளவு நேரம், எடையில் எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, வீட்டில் அதைச் செலவழிக்க முடிவெடுத்தது யார். பக்கத்தில் இன்னொரு பத்தியில் அதே நாள் அதே வீட்டு ஆணின் நாளையும் எழுதுங்கள். அவரைக் குறை சொல்ல வேண்டாம், மணிக்கணக்கை மட்டும் எழுதினால் போதும். அதிகாரிகள் மேசையில் பாலின சமத்துவம் என்று அச்சடித்த திட்ட அறிக்கைகள் நிறையக் கிடக்கும். இந்த ஒரு பக்கத்தை அவர்கள் படிப்பார்கள்.

அறக்கட்டளை பதிவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பின்னால் தனியார் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ பெரிய மானியமோ தேடும்போது சங்கமாகப் பதியலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் நீங்களே பதியலாம், இடையில் ஆள் வேண்டாம். ஆனால் மானியம் தருபவர்கள் தணிக்கை செய்த வரவு செலவைக் கேட்பார்கள், பல இடங்களில் மூன்று ஆண்டுக் கணக்கு. அதனால் புதுச் சங்கத்தின் பெயர்ப்பலகையால் இப்போது பயனில்லை. இருக்கும் குழுக் கணக்கை மாதா மாதம் எழுதி, ஆண்டுத் தணிக்கையை விடாமல் செய்யுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு துறையில் பணம் வாங்காதீர்கள். அரசு மானிய விதிகள் அதற்கு உறுதிமொழியே கேட்கின்றன. மானியத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன்பு ரசீதுகளை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அடுத்த கிராம சபைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பார்த்து, இந்த வாரக் குழுக் கூட்டத்திலேயே மனுவின் முதல் வரைவை எழுதிவிடுங்கள். எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எந்த அலுவலகத்துக்கு எந்தப் பகுதி என்று பிரித்துக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா